இரண்டாவது வழி

“மூஞ்சி கோணாம இருந்தாப் போதுங்க மிஸ்ஸி. காது போனாப் போகட்டும்.”

இருதயராஜ் சொன்னதைச் சிங்களத்தில் டொக்டரிடம் சொல்லவே ஸாஹிராவுக்கு வெட்கமாக இருந்தது.

அறுபது வயது. தெரணியகலைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியே ஓய்ந்த மனுஷன். இந்த வயசில் அழகு கேட்கிறது.

கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வரும் டொக்டர், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இருதயராஜுக்குச் சந்தைச் சிங்களம் வரும். மண்டையோட்டுச் சிங்களம் வராது. அதனால் ஸாஹிரா அவருடைய வலது காதருகே குனிந்து, டொக்டரின் கனத்த குரலிலேயே தமிழில் சொன்னாள். பயிற்சி நேர்ஸ்தான். ஆனால் யார் குரலும் அவள் தொண்டைக்கு வந்துவிடும்.

“ஐயா, நல்லாக் கேளுங்க. இந்தக் காதுக்கு உள்ள, மண்டையோட்டுக்கு அடியில ஒரு கட்டி. புற்றுநோய் இல்ல. ஆனா விட்டா மூளையை நசுக்கும். எடுக்க ரெண்டு வழி. காதுக்குப் பின்னால திறந்து போனா, காது தப்பலாம். ஆனா முகத்து நரம்பு கட்டிக்கு அந்தப் பக்கம் ஒட்டிக் கிடக்கு. அது அடிபட்டா வாய் ஒரு பக்கம் கோணிரும்.”

“மத்தது?”

“காது எலும்பைக் குடைஞ்சு போறது. நரம்பு முதல்லயே கண்ணுக்குத் தெரியும், பார்த்துக் காப்பாத்தலாம். ஆனா காது நிச்சயமாப் போயிரும். உங்களுக்கு மத்தக் காதும் இல்லையே.”

“அது பாறைக்கு வெடி வச்சப்பவே போயிருச்சுங்க.”

“அப்ப சாகிற வரைக்கும் ஒண்ணுமே கேக்காது. அதனாலதான் டொக்டர் முதல் வழி நல்லதுங்கிறார்.”

இருதயராஜ் வலது காது மடலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“மாதா கோயில்ல பாட்டு எடுத்துக் குடுக்கிறது நான்தாங்க.” பிறகு தொண்டையைச் செருமினார். “பரவாயில்ல. ரெண்டாவது வழியிலயே எடுக்கச் சொல்லுங்க.”

சம்சாரத்தையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார் டொக்டர்.

வெளியே வந்த ஸாஹிராவைக் கூடப் பயிற்சி எடுக்கும் அனோஜா மடக்கினாள். “ஏன்டி உம்முன்னு வாறே?”

“உள்ள ஒரு மாப்பிள்ளை இருக்கார்.” ஸாஹிரா கழுத்தை நீட்டி, குரலைக் கரகரப்பாக்கினாள். “‘மூஞ்சி கோணாம இருந்தாப் போதுங்க மிஸ்ஸி.’ பொண்ணு பார்க்கப் போறார் போல.”

அனோஜா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

பக்கத்து பெஞ்சில் அவர் மனைவி அந்தோனியம்மா உட்கார்ந்திருந்ததை ஸாஹிரா அப்புறம்தான் கண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, அந்த அம்மா முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஸாஹிரா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

“அம்மா, நீங்களாவது புத்தி சொல்லுங்க. வாய் கொஞ்சம் கோணினா என்ன? இப்பிடித்தான் இருக்கும்.”

ஸாஹிரா வாயின் ஒரு பக்கத்தைத் தொங்கவிட்டு, அப்படியே பேசிக் காட்டினாள். “பாருங்க, நான் பேசுறது விளங்குதுதானே?”

டொக்டருக்கே சிரிப்பு வந்தது. பேச்சு என்னவோ தெளிவாகத்தான் இருந்தது.

அந்தோனியம்மா சிரிக்கவில்லை. ஸாஹிராவின் வாயையே உற்றுப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. கணவனின் தோளைத் தட்டி, அறை முழுக்க அதிரும் சத்தத்தில் கேட்டாள்:

“இந்தப் புள்ள என்னா சொல்லுது?”

இருதயராஜ் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார். சத்தமே இல்லாமல், உதடுகளை மட்டும் மெதுவாக, அகலமாக அசைத்தார். அந்தோனியம்மா தலையாட்டினாள்.

ஸாஹிராவின் வாய் இன்னும் கோணியபடியே இருந்தது.

“மூத்தவன் பொறந்த வருஷம் வந்த காய்ச்சல்ல இவளுக்கு ரெண்டு காதும் போயிருச்சுங்க மிஸ்ஸி,” என்றார் இருதயராஜ். “தோட்டத்து லயத்துல இவ மூஞ்சியைப் பார்த்துப் பேசுறவன் நான் ஒருத்தன்தான். என் வாய் கோணிட்டா, இவகிட்டப் பேச ஆளே இல்லாமப் போயிரும்.”