பத்து நாள் ட்ரெய்னிங்

"போன மாசம் சென்னீர்குப்பம் சிக்னல்ல ஒரு டிராஃபிக் போலீஸ்காரரே மயங்கிட்டாருண்ணே! போனை எடுத்து நம்ம வண்டியை முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு போட்டோ புடிச்சாரு. அப்படி ஒரு லைட்டு போட்டிருக்கீங்க!" என்றான் விஷால்.

மெக்கானிக் துலுக்கானம் ஸ்பானரைத் துடைத்தார். பூந்தமல்லி வட்டாரத்தில் இந்த மாதிரி பெரிய டூர் பைக்குகளுக்கு லைட்டு, சீட்டு மாற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

விஷால் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். புது ஜெல் சீட்டு மெத்தை மாதிரிதான் இருந்தது. ஆனால் ஆறடி ஆளுக்கு முட்டி ரெண்டும் மடங்கிக்கொண்டு மேலே வந்து நின்றன.

"என்னண்ணே, சீட்டு ரொம்பக் கீழ இறங்கிட்ட மாதிரி இருக்கு?"

"ஜெல்லுப்பா. ஒக்கார ஒக்கார செட் ஆய்டும்."

சரி, முட்டியா பெரிசு? பத்து நாள் மனுஷனாக வாழப் போகிறோமே! கோவில்பதாகை ஃபிளாட்டில் ஆறு வருஷமாக ரெண்டாவது பெட்ரூம்தான் அவனுக்கு ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் ஜன்னல். போதாக்குறைக்கு, தண்ணீர் லாரிக்குப் போன் போடுகிற வேலையையும் அபார்ட்மென்ட் சங்கம் இவன் தலையில் கட்டியிருந்தது. இந்த வண்டியில் இன்றைக்குக் கிளம்பி கோவா வரைக்கும் போகாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவன் நிஜமாகவே பயந்தான்.

வீட்டில் அப்படிச் சொல்ல முடியுமா? "ஹைதராபாத்ல பத்து நாள் ட்ரெய்னிங்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, காலையில் பெட்டியும் கையுமாக ஸ்டேஷனுக்குக் கிளம்பியவன் நேராக இங்கே வந்துவிட்டான். பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்புகிற அவசரத்திலும் அகல்யா ரயிலில் சாப்பிட இட்லிப் பொட்டலம் வேறு கட்டிக் கொடுத்தாள், பாவம்.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. விஷால் எட்டிப் பார்த்தான். அகல்யா!

பெட்டியை வாரிக்கொண்டு பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் பாய்ந்தான். முதுகுக்குப் பின்னால் சுவர், ரெண்டு பக்கமும் தகரம். வெளியே போக இருப்பது ஒரே வழி, அதில் அகல்யா நின்றுகொண்டிருந்தாள்.

சட்டைப் பையில் போன் துடித்தது; அகல்யாதான் கூப்பிடுகிறாள். நல்லவேளை, சைலன்ட்டில் இருந்தது. 'ட்ரெய்ன் கூடூர் தாண்டியாச்சு. டவர் இல்லை' என்று தட்டிவிட்டான்.

"கூடூர் தாண்டிட்டாராம் அண்ணா" என்று அகல்யா துலுக்கானத்துக்குப் படித்துக் காட்டினாள்.

"அப்டியாம்மா? வண்டி ஃபாஸ்ட்டாதான் போவுது போல" என்றார் அவர்.

மனுஷன் காட்டிக்கொடுக்கவில்லை! விஷாலுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் இவளுக்கு இந்த இடம் எப்படித் தெரிந்தது?

"ஒண்ணு கேக்கட்டாம்மா? சலான் மெசேஜ் வந்த அன்னிக்கே ஊட்டுல ஒரு புடி புடிச்சிருக்கலாமே?"

"புடிச்சு உலுக்கணும்னுதான் அண்ணா இருந்துச்சு. கண்ணு கூசற லைட்டுன்னு ஃபைன் போட்டு, போட்டோவோட மெசேஜ் எனக்குத்தானே வருது. பின்பக்கத்துப் போட்டோல உங்க கடை ஸ்டிக்கர் வேற. வண்டி என் பேர்ல இருக்கறதையே மறந்துட்டாரு மனுஷன்."

விஷாலுக்குத் தலை சுற்றியது. இவன் ஜாதகத்துக்கு வாகனம் ஆகாது என்று ஜோசியர் சொன்னதால், பைக்கை அகல்யா பேரில்தான் வாங்கியிருந்தார்கள். அப்படியானால் அந்தப் போலீஸ்காரர் லைட்டைப் பார்த்து மயங்கவில்லை. அட கடவுளே!

"தப்பா நெனைக்காதீங்க அண்ணா. அதே ஃபிளாட்லதான் நானும் ஆறு வருஷமா கெடக்கறேன். எனக்கு மட்டும் மூச்சு முட்டாதா?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "சரி, அழுது என்ன ஆகப்போகுது? சாவியைக் குடுங்க."

போச்சு. வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டப் போகிறாள். இனி கோவாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விஷாலுக்கு அழுகையே வந்துவிட்டது.

அகல்யா சாவியைத் திருகி ஒரு பட்டனைத் தட்டினாள். புது லைட்டு ரெண்டும் பளீரென்று எரிந்து, டயர் சந்து வழியாக நேராக அவன் மூஞ்சியில் அடித்தன. கையால் மறைக்கக்கூட வழியில்லை. அசைந்தால் டயர் அடுக்கு சரிந்துவிடும்.

"அப்பா, என்ன வெளிச்சம்! மூலை முடுக்கெல்லாம் தெரியுதே!" என்றாள் அகல்யா.

லைட்டை அணைத்துவிட்டு, தோளில் தொங்கிய பையைப் பின்னால் வைத்துக் கட்டினாள். பிறகு சுடிதாரை ஒதுக்கிக்கொண்டு, ஒரே எட்டில் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். ரெண்டு பாதமும் தரையில் அம்சமாகப் பதிந்தன.

"ரெண்டு இஞ்சு எறக்கிக்கீறேன். நீ சொன்ன அளவுதான். கால் நல்லா எட்டுதாம்மா?"

"கச்சிதமா இருக்கு அண்ணா."

கல்யாணத்துக்கு முன்னால் திருவண்ணாமலையில் தன் புல்லட்டை இவள்தான் ஓட்டுவாள் என்று மாமனார் சொல்லும்போதெல்லாம் விஷால் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். இப்போது சிரிப்பு வரவில்லை.

"கோவா போய்ச் சேந்ததும் போன் பண்றேன் அண்ணா" என்றபடி ஹெல்மெட்டை மாட்டினாள். வண்டி உறுமியது.

ஷட்டர் வரை போனவள் நின்று, திரும்பிப் பார்க்காமலே ஸ்கூட்டர் சாவியை நீட்டினாள்.

"டயருக்குப் பின்னாடி இருக்கறவர்கிட்ட இதைக் குடுத்துடுங்க. மூணரைக்குப் பாப்பாவோட ஸ்கூல் பஸ் வந்துடும்."