பூஜை போட்ட பிரிண்டர்

மேசைக்கு அடியிலிருந்து பார்த்தபோது வரிசை வெறும் கால்களாகத் தெரிந்தது.

ஷூ, ரப்பர் செருப்பு, கொலுசு. எல்லாவற்றுக்கும் முன்னால் செருப்பில்லாத இரண்டு கால்கள். விரலிடுக்கில் காய்ந்த சேறு.

மேலே கம்ப்யூட்டர் மறுபடியும் ‘டுடுங்’ என்றது. பிரிண்டர் இணைப்பு விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். காலையிலிருந்து பதினோராவது தடவை.

புத்தூர் ரயில்வே கேட் பக்கத்து நெட் சென்டரில் நான் சேர்ந்து ஆறு நாள். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார் முதலாளி கிரண்குமார். என்னோடு பி.எஸ்ஸி. முடித்த பெண்கள் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டார்கள். நான் கம்ப்யூட்டர் வேலைதான் வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வேலைக்குப் பரீட்சை. இருபது பேர் ஹால்டிக்கெட்டுக்கு நிற்கிறார்கள். இவர்கள் பஸ் ஸ்டாண்ட் கடைக்குப் போய்விட்டால் நாளைக்கு என் நாற்காலியில் வேறு ஆள்.

“அவ்துந்தா, லேதா?” என்றார் கிரண்குமார் தெலுங்கில். ஆகுமா, ஆகாதா. பிரிண்டரையே மாற்ற வேண்டும் என்று திருப்பதி மெக்கானிக் போனில் சொல்லிவிட்டான்.

நான் ஒயரை இன்னொரு போர்ட்டில் செருகிப் பார்த்தேன்.

ஷூக்கள் வாசல் பக்கம் திரும்பின.

“எங்க ஓடறீங்க? அங்க போயி மறுபடியும் கடைசிலேந்து நிப்பீங்களா?” செருப்பில்லாத கால்காரி பின்னால் திரும்பிச் சத்தம் போட்டாள். “மேடம் பாத்துக்கினு தான கீறாங்க!”

“நீ இன்னாம்மா, கடைக்கு ஓனரா?” என்று யாரோ கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள்.

“நான் மொத ஆளு. நானே நின்னுக்கினு கீறேன், உனக்கின்னா வந்துது?”

ஷூக்கள் நின்றன.

மேடம். அந்தக் கடையில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

யோசித்தேன். பட்டனை அமுக்கினால் பிரிண்டர் தானாக ஒரு பக்கம் அடித்துத் தருகிறது. அதில் கோளாறு இல்லை. வேறு போர்ட்டில் செருகினாலும் இதே கதை. போர்ட்டில் குற்றமில்லை. டிரைவர் சாஃப்ட்வேரை இரண்டு தடவை அழித்துப் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள ஒயர்.

பிடுங்கினேன். செல்போன் டார்ச்சை அதன் வாய்க்குள் அடித்தேன்.

மஞ்சளாக ஏதோ.

முந்தாநாள் ஆயுத பூஜை. கிரண்குமார் எதையும் விடவில்லை. மானிட்டர், மவுஸ், ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம் வைத்தார். ஒயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முனையில் பொட்டு வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பச் செருகினார். சந்தனம் உள்ளே போய்க் காய்ந்திருந்தது. காய்ந்த சந்தனத்தில் கரண்ட் போகாது. ஒயர் லேசாக அசைந்தால் தொடும், விடும்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நகம் உள்ளே போகவில்லை.

கேட்க வாய் திறக்கும் முன்பே செருப்பில்லாத கால்களுக்குப் பக்கத்திலிருந்து மேசைக்குக் கீழே ஒரு கை நீண்டது. விரல் நுனியில் சேஃப்டி பின், திறந்தபடி. கண்ணாடி வளையல்களுக்கு நடுவே இன்னும் இரண்டு பின்கள் தொங்கின.

பின்னை விட்டுச் சுரண்டியதும் சந்தனம் பொடியாக உதிர்ந்தது. துடைத்துச் செருகினேன்.

கம்ப்யூட்டர் இந்தத் தடவை வேறு மாதிரி ஒலித்தது. பிரிண்டர் கொஞ்சம் முனகியது. முதல் ஹால்டிக்கெட் வந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒயரைப் பிடித்து ஆட்டினேன். நான்காவதும் வந்தது.

கிரண்குமார் குனிந்து பார்த்தார். “ஏமாயிந்தி?” என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“தூசு சார்” என்றேன். சந்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அவர் வந்த ஹால்டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தார். “நாளையிலேந்து எட்டரைக்கு வந்துடு. கடை சாவி நீயே வச்சுக்க.”

முதல் ஆள் இன்னும் ஹால்டிக்கெட் கேட்கவில்லை. “நீ போ, நீ போ” என்று ஒவ்வொருவரையும் முன்னால் விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தாள்.

“உனக்கு என்னம்மா வேணும்?” என்றார் கிரண்குமார்.

“எனக்கு ஒண்ணும் வாணாம் சார்.”

பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். காலையில் நான் வீட்டில் மறந்துவிட்டு வந்தது. என் முகத்தைப் பார்க்காமலே வாசலுக்குத் திரும்பினாள்.

கடைப் பக்கம் வந்துவிடாதே என்று, சேர்ந்த அன்றைக்கே நான்தான் சொல்லியிருந்தேன். வந்திருக்கிறாள், அதுவும் நடவு வயலிலிருந்து அப்படியே.

எழுந்து நின்றேன். வரிசையில் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.

“எம்மா, உன் சேஃப்டி பின்ன உட்டுட்டுப் போறியே” என்றேன், ஏழு பேருக்கும் கேட்கிற மாதிரி.