ஆள் ஏறினால் மூன்று மணி

"இன்னா மாயா இது? தொட்டா ரெண்டு செகண்டு கழிச்சுதான் அசையுது. பட்டனா, பாறாங்கல்லா?"

சுரங்க ஊரான ஊரிகத்தில் வீட்டு முன்னறையையே ஆபீசாக்கி, ஆட்டோ கூப்பிடும் ஆப் ஒன்றை நடத்துகிறான் வேந்தன். அதை எழுதிய மாயா கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அதுவே அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியா எழுதுன்னு அப்பவே சொன்னேன். ரெண்டுக்கும் ஒரே கோடிங் போதும்னு அந்த ஃப்ரேம்வொர்க்கையே கட்டிக்கினு அழுத. பெங்களூரு ஆப்பெல்லாம் வழுக்கிக்கினு ஓடுது. நம்மளுது மட்டும் கட்டை வண்டி."

"ஃப்ரேம்வொர்க் மேல தப்பில்ல சார். அந்த ரெண்டு செகண்டு நான் வெச்சது."

வேந்தனுக்கு ரத்தம் கொதித்தது. சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, ஆப்பையும் வேண்டுமென்றே மந்தமாக்கி, அதைக் கூசாமல் சொல்லவும் செய்கிறாளே!

"ஒரே ஆளுக்கு மூணு ஆட்டோ போய் நின்னு டிரைவருங்க அடிச்சிக்கினாங்களே, மறந்துட்டியா? மூணு தடவை தட்டுற போக்கிரிங்க நம்பர் தானா பிளாக் ஆவணும்னு சொன்னேனே, அது இன்னா ஆச்சு?"

"ஒரு மாசம் வெச்சிருந்தேன். மனசு கேக்கல, எடுத்துட்டேன்."

"யார கேட்டு எடுத்த?"

அவள் பதில் சொல்லும் முன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அப்பா ரத்தினம் உள்ளிருந்து மூச்சிரைக்க வந்தார். தங்கச் சுரங்கத்தில் ஆளையும் சரக்கையும் இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டுக்கு மணி அடித்தவர். போனை எடுத்து ஆட்டோ பட்டனைத் தட்டினார். டக், டக், டக்.

வேந்தன் திடுக்கிட்டான். "இன்னாத்துக்குப்பா மூணு தடவை?"

"கேஜுல ஆளு ஏறுதுன்னா மூணு மணிடா. கை பழகிப்போச்சு."

ரெண்டு செகண்டு கழித்து, ஒரே ஒரு ஆட்டோ புக் ஆனது.

"மூணு தட்டையும் ஒண்ணா எடுத்துக்கத்தான் சார் அந்த ரெண்டு செகண்டு" என்றாள் மாயா.

வேந்தன் அப்பா பக்கம் திரும்பினான். "அப்பா... போன மாசம் பூரா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனீங்களே. நடந்தா மூச்சுக்கு நல்லதுன்னீங்களே."

ரத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தட்டித் தட்டிப் பாத்தேன், வண்டி வரல. உன் ஆப்பு உங்கப்பனுக்கே வேலை செய்யலன்னு தெரிஞ்சா நாலு பேரு உன்னப் பாத்து சிரிப்பாங்களேன்னுதான் நடந்தேன்."