ஃபில்டரில் நின்ற வழக்கு

“மரக்காணம் உப்பளத்துல பதினெட்டு வருஷம் உப்பு வாரின என்னை இனிமே வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டாங்க சார்” என்றாள் மேரிசெல்வி.

வக்கீல் தட்சணாமூர்த்தி ஜூனியரிடம் திரும்பினார். “ஷாலினி, இந்த மாதிரி உப்பளத் தொழிலாளி ஜெயிச்ச தீர்ப்பு இருக்கா, ஆன்லைன்ல பாரு.”

“நானூறு வருது சார்.”

“ஃபில்டர் போடும்மா. ஹைகோர்ட் மட்டும், கடைசி பத்து வருஷம், பணிநீக்கம், தொழிலாளிக்குச் சாதகம்.”

“இப்போ ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது. மரக்காணத்துலயே வேற உப்பளம். அந்தம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைச்சிருக்கு சார்.”

“பிரமாதம்! முதலாளிக்கு வாதாடித் தோத்த அந்த மேதை யாரு?”

ஷாலினி தயங்கினாள். “நீங்கதான் சார்.”

தோற்ற கேஸ் எந்த வக்கீலுக்கு ஞாபகம் இருக்கிறது?

“ஜெயிச்சது எங்க அக்காதான் சார்” என்றாள் மேரிசெல்வி. “முதலாளிங்க எங்க மாட்டுவாங்கன்னு தோத்தவருக்குத்தானே நல்லாத் தெரியும்? அதான் உங்ககிட்டயே வந்தேன்.”