நாலு மார்க்

நோர்மா பத்து மார்க் அட்டையைத் தூக்கினாள். பக்கத்தில் அவள் கணவர், ஊர்த்தலைவர் கேப்டன் எலியோ, பாட்டு முடிவதற்கு முன்பே பத்தைத் தூக்கிவிட்டிருந்தார்.

மூன்றாவது நடுவர் நாற்காலியில், கடலுக்கு அக்கரையிலிருந்து வந்திருந்த சல்வா டீச்சர் நாலைத் தூக்கினார்.

கூடைப்பந்துத் திடல் அப்படியே அடங்கிப்போனது. பன்றி சுடுகிறவன்கூடக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டான். குய்மாராஸ் தீவில் இந்த ஊர் மாதா கோயில் திருவிழா நடனப் போட்டியில் இப்படி ஓர் அநியாயம் நடந்ததே இல்லை.

ஆடியவள் மெர்லிண்டா. நடக்கத் தொடங்கும் முன்பே கால்கள் போய், சக்கர நாற்காலியில் வளர்ந்தவள். அவளோடு ஜோடியாக நின்று ஆடியவன் மீன் சந்தையில் ஐஸ் உடைக்கும் ஹோவென். வருஷா வருஷம் அவர்களுக்கு ஊரே அழுதுகொண்டு பத்து போடும். போட்டி வரிசையில் சேர்க்காமல், தனியாக ‘சிறப்பு நெகிழ்ச்சி விருது’ என்று ஒரு பட்டுப் பட்டையும் போடும். அந்த விருதை உண்டாக்கியவளே நோர்மாதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“டீச்சர், மனசை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?” என்று ஒருவன் கத்தினான்.

“கண்ணாடியைத் துடைச்சுட்டுப் போடச் சொல்லு!”

ஒரு ரப்பர் செருப்பு பறந்து வந்து கேப்டன் மடியில் விழுந்தது.

நோர்மா எழுந்தாள். மெர்லிண்டா மனசு உடைந்து அழுதால் திருவிழாவே பாழ். அதற்குள் அந்த நாலைப் பத்தாக்கியே தீர வேண்டும். கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு டீச்சரிடம் போனாள்.

“டீச்சர், அட்டை மாறிப்போச்சுதானே?”

“மாறலைம்மா. நாலுதான்.”

“அந்தப் பொண்ணு நாற்காலியில உக்காந்து ஆடுறா. கவனிச்சீங்களா, இல்லையா?”

“நல்லாவே கவனிச்சேன். ‘சா-சா-சா’ன்னு மூணு தட்டு வர்ற இடத்துல சக்கரம் ஒவ்வொரு தடவையும் லேட்டு. சக்கரம் கால்ல ஏறிடும்னு அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கிட்டே ஆடுறான். இவ, சுத்து முடியறதுக்கு முன்னாடியே கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிடுறா. கை வீச்சு நல்லா இருந்துச்சு. நாலும் அதுக்குத்தான்.”

“பாவம் பார்க்க மாட்டீங்களா?”

“டான்ஸ் பார்க்கத்தானே வந்தேன்.”

நோர்மா ஒரு பத்து அட்டையை எடுத்து அவரிடம் நீட்டும்போதே, மெர்லிண்டாவின் நாற்காலி கிடுகிடுவென்று பாய்ந்து வந்து மேசையில் முட்டி நின்றது. பின்னாலேயே மூச்சு வாங்க ஹோவென். மெர்லிண்டாவின் கண்ணெல்லாம் தண்ணீர்.

“அழாதடி தங்கம். அக்கா பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றாள் நோர்மா.

மெர்லிண்டா அவளைப் பார்க்கவே இல்லை.

“டீச்சர், சக்கரம் லேட்டுன்னா தள்ளும்போதா, நிறுத்தும்போதா?”

“நிறுத்தும்போது. உள்ளங்கையால பிடிக்கிறே. விரலால பிடி.”

“பார்த்தியாடா,” என்று மெர்லிண்டா ஹோவெனின் தொடையில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். “நான் அப்பவே சொல்லலை?”

“நீ எங்க சொன்னே? என் மேலதானே பழி போட்டே.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நாற்காலி குலுங்க, கண்ணீர் வழிய, விக்கல் எடுக்கிற வரைக்கும் சிரித்தாள். டீச்சர் தன் குதிகால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் திடலில் இறங்கினார். மெர்லிண்டா விரலால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். சரியாக வந்தது. மேளக்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? அவனும் தட்ட ஆரம்பித்துவிட்டான். செருப்பு எறிந்தவன் ஒற்றைச் செருப்போடு ஆடிக்கொண்டிருந்தான்.

நோர்மா மேசையைத் தட்டினாள்.

“அடியே, அவங்க உனக்கு நாலு போட்டவங்க. நான்டி பத்து போட்டவ.”

மெர்லிண்டா நாற்காலியைத் திருப்பி மேசைக்கு வந்தாள்.

“அக்கா, பாதி ஆட்டத்துல ஹோவென் என்னை நாற்காலியோட தலைக்கு மேல தூக்கினானே, எப்படி இருந்துச்சு?”

“அதைச் சொல்லு! அங்கதான் எனக்கு அழுகையே வந்துச்சு.”

“அவன் தூக்கவே இல்லக்கா.”

ஹோவென் வானத்தைப் பார்த்தான். கேப்டன் மடியில் கிடந்த செருப்பை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்தார்.

“போன வருஷம் பாவாடை சக்கரத்துல மாட்டி, பாட்டு முடியிற வரைக்கும் அதை இழுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுக்கும் பத்துதான் போட்டீங்க.” அவள் மேசையில் தயாராக இருந்த பட்டுப் பட்டையை எடுத்து நோர்மாவின் கழுத்தில் மெல்லப் போட்டாள். “இதை நீங்க வச்சுக்கங்க. நெகிழ்ந்து நெகிழ்ந்து களைச்சுப் போயிட்டீங்க.”

ஒலிபெருக்கியில் முடிவை வாசித்தார்கள். முதன்முறையாக அவர்கள் பெயர் மற்ற ஜோடிகளோடு சேர்ந்து வந்தது, கடைசி இடத்தில். மெர்லிண்டா போட்ட கூச்சலில், முதல் பரிசு வாங்கிய ஜோடி தாங்கள் தோற்றுவிட்டோமோ என்று திகைத்து நின்றது.

நோர்மாவுக்கு முகம் எரிந்தது. கோபத்தை யார் மேலாவது இறக்கியாக வேண்டும்.

“எல்லாம் இருக்கட்டும். அக்கரையிலேருந்து இந்த டீச்சரை இங்க கூட்டிட்டு வந்தது யாரு? அந்த ஆளை எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“நான்தான்க்கா,” என்றாள் மெர்லிண்டா, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே. “ஜட்ஜ் தேடுற வேலையை விழாக் குழுச் செயலாளர் என் தலையில கட்டினாரு. என்னைப் பார்த்து இரக்கப்படாத ஒருத்தரா வேணும்னு ஊர் ஊரா அலைஞ்சு, கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன்.”