நூல் நேராத்தான் இருக்கு

"பத்து நாளா? அஸ்திவாரம் தோண்டவே பத்து நாள் கழிச்சுத்தான் வருவீங்களா?"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள் மகள்.

"ஆமாம்மா. ரெண்டு மழை பெய்யட்டும். அதுவரைக்கும் இந்தக் குச்சிங்க நிக்கட்டும்," என்றார் மேஸ்திரி.

மலைச் சரிவில் வாங்கிய மனை. ஒரு காலை மடக்கினால்தான் நிற்கவே முடியும். இடது ஓரத்தில் ஒரு பாறை, வலது ஓரத்தில் ஒரு பாறை. இரண்டுக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டி, நூலை ஒட்டியே ஏழு முளைக்குச்சிகளை அடித்திருந்தார் மேஸ்திரி.

"அப்பா, இவர் வேணும்னே வேலையை இழுக்கிறார்."

"விடு வக்கீலம்மா," என்றார் அப்பா. சட்டக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். "முப்பது வருஷம் வாடகை வீட்டுல ஓட்டியாச்சு. பத்து நாள் தாங்காதா?"

"வருஷக் கடைசியில அந்த வாடகை வீட்டையும் காலி பண்ணணும். ஞாபகம் இருக்கா, இல்லையா? இருந்த காசையெல்லாம் இந்த மண்ணுல போட்டுட்டு, குச்சிக்குக் காவல் இருக்கச் சொல்றீங்க!"

மேஸ்திரி குனிந்து புல்லை விலக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க ஏற்கெனவே யாரோ குச்சி அடிச்சிருக்காங்க சார்."

ஏழு பழைய குழிகள். வரிசை நேராக இல்லை. ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி நடுவில் தொய்ந்திருந்தது.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரோ தண்ணியப் போட்டுட்டு அடிச்சிருப்பாங்க!"

அப்பாவும் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மழை. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், நடுக்குச்சி நூலை விட்டு நாலு விரல் கீழே நின்றது.

"யார் இதைத் தொட்டது?"

"யாரும் தொடலைம்மா. நூல் நேராத்தான் இருக்கு."

"அப்ப குச்சிக்குக் கால் முளைச்சிருச்சா? பயம் காட்டிட்டு வேலையை விட்டு ஓடிடலாம்னு பார்க்கறீங்களா? எனக்கு ஆதாரம் வேணும்."

வெள்ளைக் கூழாங்கற்களாகப் பொறுக்கி வந்தாள். ஒவ்வொரு குச்சியைச் சுற்றியும் வட்டமாக வைத்து, மண்ணில் அழுத்திப் பதித்தாள்.

"குச்சியைப் பிடுங்கி வேற இடத்துல நட்டா, வட்டம் காலியாக் கிடக்கும். அப்ப பேசிக்கலாம்."

"நல்ல யோசனைதான்," என்றார் மேஸ்திரி. கிண்டலா, நிஜமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுபடியும் இரண்டு நாள் மழை. விட்ட பிறகு மூன்று பேரும் ஏறிப் போனார்கள். பக்கத்தில் நிற்கிறவர் முகம்கூடத் தெரியாத பனிமூட்டம். ஒரு பறவைச் சத்தம் இல்லை. காலுக்கு அடியில் எங்கோ ஆழத்தில், யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல ஒரே ஒரு சத்தம் கேட்டு, நின்றது.

"என்னது அது?" என்றார் அப்பா.



மகள் நூலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். முதல் குச்சி நூலைத் தொட்டபடி இருந்தது. இரண்டாவது ஒரு சாண் கீழே. மூன்றாவது ஒரு முழம். நாலாவது அங்கே இல்லவே இல்லை.

நூலை விட்டுவிட்டு, காலால் தடவிக் கீழே இறங்கினாள். ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் நின்றது அது.

சுற்றிலும் வெள்ளைக் கற்கள். ஒரு கல்கூடப் பிசகவில்லை. வட்டத்துக்குள் இருந்த புல்கூட அப்படியே நிமிர்ந்து நின்றது. வட்டத்தோடு, புல்லோடு, மண்ணோடு சேர்ந்து, உட்கார்ந்த வாக்கில் இறங்கி வந்திருந்தது குச்சி.

பனி கொஞ்சம் விலகியது. ஏழு குச்சிகளும் தெரிந்தன, கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து. அவற்றுக்குக் கீழே, அதே தொய்வில், அந்த ஏழு பழைய குழிகள்.

"இப்ப சொல்லுங்கம்மா, தண்ணியப் போட்டது யாரு?" மேஸ்திரி நூலை அவிழ்த்துச் சுற்ற ஆரம்பித்தார். "நான் இங்க கட்ட மாட்டேன் சார். கட்டினா வீடு இங்க நிக்காது. கீழ நாலு குடும்பம் இருக்கு."

அவர் போனதும் மகள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"நமக்கு வித்தவருக்கு இது தெரியும்ப்பா! நம்மள மாதிரியே குச்சி அடிச்சுப் பார்த்திருக்கார். வளைஞ்சதும் பிடுங்கிப் போட்டுட்டு, இளிச்சுக்கிட்டே நம்ம தலையில கட்டியிருக்கார். அவரெல்லாம் ஒரு மனுஷனா? கோர்ட்டுல நிறுத்தறேனா இல்லையா பாருங்க. இந்தக் குச்சிங்கதான் சாட்சி. ஒருத்தரும் தொடக் கூடாது!"

அப்பா நனைந்த பாறையில் உட்கார்ந்திருந்தார். 

"கேஸ் எத்தனை வருஷம் நடக்கும், வக்கீலம்மா?"

மகள் முதல் குச்சியின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். 

ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று வெயில். மனையைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பெண். மூன்று பேரும் ஒரு காலை மடக்கி நின்றுகொண்டு, "என்ன காத்து! என்ன காத்து!" என்றார்கள்.

"எங்க காலம் பூரா வாடகை வீடுதான் சார்," என்றார் அந்த மனிதர். "இவளாவது சொந்த வீட்டுல இருக்கட்டும்."

அந்தப் பெண் புல்லுக்குள் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இதென்ன, ரெண்டு வரிசையாக் குழி? ரெண்டும் ஒரே மாதிரி வளைஞ்சிருக்கு?"

அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் நகக்கண்ணில் இருந்த மண்ணைத் துப்பட்டாவில் துடைத்தாள். பிறகு சிரித்தாள்.

"யாரோ தண்ணியப் போட்டுட்டு அடிச்சிருப்பாங்க."