இனி இந்தத் துரைக்கு டெஸ்ட்

“எங்க வீட்டுப் பொண்ணு கையில ஊசி குத்துனது போதும் டாக்டர். இனிமே இந்தத் துரை கையில குத்துங்க!”

சைத்தூன் பீவி, நஃபீசாவின் சட்டைக் கையை மேலே தள்ளி, ரத்தம் எடுத்த இடத்தில் கன்றிப்போயிருந்த நீலத்தைக் காட்டினார். பக்கத்து நாற்காலியில் இருந்த நஃபீசாவின் கணவன் ஷஹ்பாஸ், சுவரில் மாட்டியிருந்த மூலிகைப் படத்தைப் படிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திருத்துறைப்பூண்டியில் இயற்கை மருத்துவமனை நடத்தும் டாக்டர் பிரகதாம்பாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பெண்ணைப் பெற்றவர்களின் கோபம் அவருக்குப் பழகியதுதான்.

“நஃபீசாவோட ரிப்போர்ட் வந்துடுச்சு. தைராய்டு, சர்க்கரை, ஹார்மோன் எல்லாம் சரியா இருக்கு. விட்டமின் டி மட்டும் கொஞ்சம் கம்மி. காலை வெயில்ல நடந்தா அதுவும் ஏறிடும். அடுத்தது நீங்கதான் ஷஹ்பாஸ்.”

“எனக்கு எதுக்கு டாக்டர்? இயற்கை வைத்தியம்னா மண்ணைப் பூசுவீங்க, வாழைத்தண்டுச் சாறு கொடுப்பீங்கன்னு நெனச்சுல்ல வந்தேன்? இங்கேயும் டெஸ்ட்டா?”

“மண்ணும் உண்டு, சாறும் உண்டு. கோளாறு எங்கன்னு தெரியாம யாருக்குப் பூசச் சொல்றீங்க?”

சைத்தூன் பீவி விடுவதாக இல்லை.

“புள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டுக்குப் போனா, உனக்கு எப்பன்னு கேக்குறாங்க. இது சிரிச்சுட்டு வந்து, குளியலறைக் குழாயத் தெறந்துவிட்டுட்டு அழுவுது. அந்தத் தண்ணிச் சத்தம் என் காதுல விழாதா? நாலு வருசமா டெஸ்ட்டு, மாத்திரை எல்லாம் இதுக்கு மட்டும். துரை எட்டிப் பாக்குறதோட சரி.”

“எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதீங்க,” என்றான் ஷஹ்பாஸ் மெதுவாக.

“எந்த மானம்? இது அழுவுறப்ப எங்க போச்சு அது?”

நஃபீசா பதறிப்போய் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். டாக்டர் பேச்சை மாற்றினார்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“முத்துப்பேட்டையில பேக்கரி. அடுப்பு முன்னால நான்தான் நிப்பேன். அதுக்கு முன்னாடி துபாய்லயும் அதே வேலைதான்.”

“சூடு ஒரு காரணமா இருக்கலாம். சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா?”

“ஞாபகம் இல்லையே.”

“வந்துச்சு, எழுதிக்குங்க,” என்றார் சைத்தூன் பீவி. “பத்தாவது படிக்கறப்ப. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பிப் போச்சு.”

“அடேயப்பா, எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கீங்களே!” டாக்டர் சிரித்தபடி குறித்துக்கொண்டார்.

ஷஹ்பாஸ் எழுந்தான். வாசல் பக்கம் போகிறானோ என்று நஃபீசாவின் முகம் வெளுத்தது. அவன் நேராகப் பரிசோதனைக் கூடத்தின் கதவைத் தட்டினான்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஷஹ்பாஸுக்கு உயிரணுக்களின் எண்ணிக்கை குறைவு, ஓட்டமும் போதவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போது பொங்கப்போகிறார் என்று டாக்டர் சைத்தூன் பீவியைப் பார்த்தார். அவரோ முக்காட்டு நுனியைப் பற்றியபடி கேட்டார்.

“சரியாயிடும்ல டாக்டர்?”

“முயற்சி பண்ணலாம். அடுப்பை விட்டுத் தள்ளி நிக்கணும், சிகரெட்டை நிறுத்தணும், ராத்தூக்கம் கெடக்கூடாது. சாப்பாடு, குளியல் எல்லாம் நான் சொல்றேன். தஞ்சாவூர்ல ஒரு ஸ்பெஷலிஸ்ட்டையும் பாத்துடுங்க.”

நஃபீசா கணவனின் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

“இத்தன நாளும் நான்தான் காரணம்னு நெனச்சுத் தனியா அழுதேங்க. இனிமே ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம்.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

பேக்கரி அடுப்புக்கு வேறு மாஸ்டர் வந்தார். ஷஹ்பாஸ் கல்லாவில் உட்கார்ந்தான். விடியற்காலையில் வாய்க்கால் கரையோரம் அவனும் நஃபீசாவும் நடந்தார்கள். இடுப்புக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து அவன் குளிரில் நடுங்குவதைப் பார்த்து அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை ஏறியிருந்தது.

சம்பா அறுவடை முடிந்த பிறகு ஒரு நாள் மூவரும் மறுபடி வந்தார்கள். நஃபீசாவுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. பரிசோதனை அட்டையில் இரண்டு கோடுகளும் பளிச்சென்று தெரிந்தன.

“சந்தேகமே இல்லை. அப்பா ஆகப் போறீங்க!” என்றார் டாக்டர்.

ஷஹ்பாஸ் அழுதுகொண்டே சிரித்தான். சைத்தூன் பீவி நஃபீசாவின் இரண்டு கன்னங்களையும் வழித்து முத்தமிட்டார். அதோடு நிற்காமல், வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் பேக்கரி கேக்கைத் துண்டு போட்டுக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

அவர் போவதையே டாக்டர் நெகிழ்ந்துபோய்ப் பார்த்தார்.

“ஷஹ்பாஸ், அன்னிக்கு அவங்க பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க. பொண்ணைப் பெத்த மனசு, அப்படித்தான் துடிக்கும். இப்படி ஒரு மாமியார் கெடைக்க நீங்க கொடுத்து வச்சிருக்கணும்.”

ஷஹ்பாஸ் விழித்தான். நஃபீசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அவருக்கு இல்ல டாக்டர், எனக்குத்தான் மாமியார்!”